கட்டுவிரியன் கடித்து மூச்சு நின்றவர்கள், கூட இருந்து பார்த்தவர்கள்: இங்கே எழுதுங்கள்

மருதநிலத்தாள் எழுதியது:

பாம்புக்கடிக்கு முதலுதவி என்ன என்று தேடினால் நிறையக் கிடைக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு என்ன நடக்கும், மூச்சு நிற்கும்போது உள்ளே கிடப்பவருக்கு எப்படி இருக்கும் என்று நம் மொழியில் எழுதியவர்கள் குறைவு. நான் பிழைத்து வந்தவள். அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

போன ஐப்பசி, நல்ல அடைமழை. திருவாரூர் பக்கம் வயலை ஒட்டிய வீடு. கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். கடித்ததே எனக்குத் தெரியாது. விடிவதற்கு முன்னால் வயிற்றைப் பிடுங்கும் வலி, வாந்தி. பக்கத்து கிளினிக்கில் வாயு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து காப்பி குடித்தால் விழுங்க முடியவில்லை, மூக்கு வழியாக வந்துவிட்டது. இமை கனத்துக் கனத்து இறங்குகிறது. நாத்தனார் மகள் நர்சிங் படிக்கிறாள். என் முகத்தைப் பார்த்ததும், "அத்தை, ராத்திரி தரையிலயா படுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். உடனே 108-க்குப் போன் போட்டாள்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. காலில் கையில் பல் தடமே இல்லை. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் ஆடாமல் வைத்துப் பார்த்தார்கள், நன்றாக உறைந்தது; ரத்தத்தை உறைய விடாத விஷம் இல்லை என்று அர்த்தம். அதற்காக டூட்டி டாக்டர் என்னை விட்டுவிடவில்லை. "மூச்சை நல்லா இழுத்து, ஒரே மூச்சில ஒண்ணு ரெண்டு எண்ணுங்கம்மா" என்றார். 18 வரை போனேன். விஷமுறிவு மருந்து சொட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே மறுபடி எண்ணச் சொன்னார். 11-இல் நின்றுவிட்டது. "தலையைத் தலையணையிலிருந்து தூக்குங்க" என்றார். கழுத்து என் கழுத்தாகவே இல்லை.

மூச்சுத்திணறல் என்றால் நெஞ்சு ஏறி இறங்கும், இளைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இது வேறு மாதிரி. இழு இழு என்று மனசு கத்துகிறது, நெஞ்சு அசையவில்லை. எச்சில் தொண்டையில் தேங்குகிறது, துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. முகத் தசையே வேலை செய்யாததால் பயப்படுகிறேன் என்றுகூட முகத்தில் காட்ட முடியவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் தூங்கி வழிகிற மாதிரி இருந்திருக்கும். விரலில் மாட்டியிருந்த கருவியில் அப்போதும் 97 காட்டியது என்று பிறகு சொன்னார்கள். அந்த டாக்டர் நம்பரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "பேக் எடுங்க, ட்யூப் போடணும்" என்ற குரல் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் வென்டிலேட்டர். கண் திறக்க முடியாது, விரல் அசையாது. ஆனால் காது கேட்டுக்கொண்டே இருந்தது. "ப்யூபில் ரெண்டும் விரிஞ்சே இருக்கு, லைட் அடிச்சா அசையலை" என்று யாரோ என் கண்மணியைப் பற்றிச் சொன்னதைக் கேட்டேன். என் வீட்டுக்காரர் கால்மாட்டில் நின்று அழுததைக் கேட்டேன். ஒரு சிஸ்டர் மட்டும் டூட்டிக்கு வந்ததும் என் காதருகே குனிந்து, இன்னைக்கு என்ன கிழமை, மணி என்ன, வெளியே மழை விட்டுடுச்சு என்று சொல்வார். சளி எடுக்கும் குழாயை உள்ளே விடுவதற்கு முன்னால், "இப்ப சளி எடுக்கப் போறேன்மா, நெஞ்சைக் கிழிக்கிற மாதிரி இருமல் வரும், சீக்கிரம் முடிச்சிடுவேன்" என்பார். சொல்லாமல் செய்தால் அது மூழ்கடிப்பது போன்ற கொடுமை. சொல்லிவிட்டுச் செய்தால் தாங்க முடிந்தது. அவ்வளவு வித்தியாசம்.

இதே போல் இருந்து வந்தவர்கள், வீட்டில் யாரையாவது இப்படிப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

---

ஐசியு சிஸ்டர் எழுதியது:

அக்கா, படிக்கும்போது கை நடுங்கியது. பத்து வருஷத்துக்கு மேலாக ஐசியுவில் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. கட்டுவிரியன் விஷம் மூளையைத் தொடுவதில்லை. நரம்பு தசையோடு சேரும் முனையைத்தான் அடிக்கிறது. மூளை கட்டளை கொடுக்கும், தசைக்கு அது போய்ச் சேராது. இமை, கண், தொண்டை, கழுத்து என்று இறங்கி உதரவிதானம் என்ற மூச்சுத் தசைக்கு வரும்போது மூச்சு நிற்கும். ஆள் முழு நினைவோடு இருப்பார்.

நல்ல பாம்பு விஷத்துக்கு நியோஸ்டிக்மின் ஊசி நன்றாகப் பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் இமை தூக்குவதைப் பார்க்கலாம். கட்டுவிரியனில் நரம்பு முனையே சிதைந்துவிடுகிறது என்பதால் அது பெரும்பாலும் பலிக்காது. விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும். ஏற்கனவே சிதைந்த முனையை அது சரி செய்யாது. அந்த முனை தானாகத்தான் வளர வேண்டும், அதற்கு நாள் கணக்கில் ஆகும், சிலருக்கு வாரங்கள். அதுவரை யாராவது அவருக்காக மூச்சு விட வேண்டும். வென்டிலேட்டர் செய்வது அதைத்தான்.

"மருந்து கொடுத்தும் கேக்கலை" என்று சொந்தக்காரர்கள் மூன்றாம் நாளே சோர்ந்து போவார்கள். மருந்து கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. நரம்பு வளர நேரம் கேட்கிறது.

ஆக்சிமீட்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாஸ்க்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால் மூச்சு குறைந்த பிறகும் அந்த நம்பர் நன்றாகவே நிற்கும். உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். நம்பர் விழும்போது நேரம் கடந்திருக்கும். எண்ணச் சொல்வது, தலையைத் தூக்கச் சொல்வது, குரல் மூக்கால் வருகிறதா என்று கேட்பது, எங்களுக்கு இவைதான் முதல் எச்சரிக்கை.

---

கரிசல்காட்டான் எழுதியது:

நல்ல பதிவு. ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெரியவர் பச்சிலை கொடுத்தே எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறார். என் சித்தப்பாவையும் சேர்த்துத்தான். எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரிதான் என்று சொல்லிவிட முடியுமா?

---

பழைய டூட்டி டாக்டர் எழுதியது:

கரிசல்காட்டான், உங்கள் சித்தப்பா பிழைத்ததில் சந்தோஷம். கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப் பாம்பு கடித்தாலும் பல தடவை விஷம் இறங்குவதில்லை. அந்த நேரத்தில் பச்சிலை கொடுத்தாலும் பிழைப்பார், பச்சைத் தண்ணீர் கொடுத்தாலும் பிழைப்பார். அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கட்டுவிரியன் விஷம் உண்மையில் இறங்கியவருக்கு மூச்சு நிற்கும்போது, பச்சிலையால் அவருக்காக மூச்சு விட முடியாது. விழுங்க முடியாதவர் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போகும். நான் பார்த்த சாவுகளில் சில அப்படி நடந்தவை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி கிராமத்து வீடுகளிலும் வழியிலும் போன உயிர்கள். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் வைத்து, வென்டிலேட்டர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். வழியில் மூச்சு குறைந்தால் ஆம்பு பேக் என்ற பையைக் கையால் அழுத்திக் காற்று கொடுக்கத் தெரிந்தவர் ஆம்புலன்ஸில் இருப்பார். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோனால் அது கிடைக்காது.

பேக் என்றதும் ஒரு வரலாறு ஞாபகம் வருகிறது. 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசை செயலிழந்து வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்று கொடுத்தார். அவள் பிழைத்தாள். அதன் பிறகு சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். பாதிக்கு மேல் பிழைக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கும் ஐசியு அங்கே பிறந்ததுதான். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது வென்டிலேட்டர் காலியில்லாத இரவுகளில் கட்டுவிரியன் கடித்தவர்களுக்கு விடிய விடியப் பையை அழுத்தியிருக்கிறோம். கை மரத்துப்போனால் அடுத்தவர். நோயாளியின் அண்ணன், மாமா என்று சொந்தக்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்து உட்கார வைப்போம். அந்த உயிர்கள் வீட்டுக்கு நடந்து போயின.

---

கரிசல்காட்டான் எழுதியது:

விழுங்க முடியாதவருக்கு ஊற்றக்கூடாது என்பது இதுவரை யாரும் எனக்குச் சொல்லாத விஷயம். ஊரில் சொல்கிறேன் ஐயா.

---

வன்னி வாசி எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். கிளிநொச்சிப் பக்கம் எங்களுக்கும் இதே பாம்புதான், இதே கதைதான். என்ர அம்மாவுக்கு நடந்தது. மண் வீட்டில நிலத்தில படுத்தவ. விடிய எழும்பி, "கண் இரண்டாத் தெரியுது பிள்ளை" எண்டு சொன்னா. 1990 ஆம்புலன்ஸ் நம்பருக்கு அழைச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

எங்கட பயம் மூச்சில தொடங்கேல்லை, மருந்தில தொடங்கிச்சு. விஷமுறிவு மருந்து ஏறின கொஞ்ச நேரத்தில உடம்பு முழுக்கத் தடிப்பு, நடுக்கம், இழுப்பு. மருந்தே ஆளைக் கொண்டுபோகுது எண்டு அண்ணா கத்தினார். மருந்தை நிப்பாட்டி, தொடையில அட்ரினலின் ஊசி போட்டு, கொஞ்ச நேரத்தால அதே மருந்தைத் திரும்ப மெதுவா ஏத்தினவை. குதிரையிட ரத்தத்தில இருந்து எடுக்கிற மருந்து, சிலருக்கு ஒவ்வாது, ஆனா நிப்பாட்டினா விஷம் வெல்லும் எண்டு தாதி விளங்கப்படுத்தினா. இங்க பாவிக்கிறது இந்தியாவில இருந்து வாற மருந்துதான்.

அம்மா பிறகு வென்டிலேட்டருக்குப் போய்ச் சுகமா வந்தவ. அந்த ஒவ்வாமையைப் பற்றி ஒருத்தரும் எங்களுக்கு முன்னமே சொல்லேல்லை. வாசிக்கிற ஆக்கள் பதறாமல் இருக்கட்டும் எண்டுதான் எழுதுறன்.

---

மலையடிவாரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இழையை இப்போதுதான் பார்த்தேன், அவசரமாக எழுதுகிறேன். என் தம்பிக்கு நேற்று விடியற்காலையிலிருந்து இதேதான். கட்டுவிரியன் என்றுதான் சொல்கிறார்கள், பாம்பைப் படுக்கையிலேயே பார்த்தோம். இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கிறான். இன்று மாலை, "கண்மணி அசையவில்லை, கூப்பிட்டால் எந்த அசைவும் இல்லை, மூளை போயிருக்கலாம், வீட்டில் பேசி முடிவு பண்ணுங்கள்" என்றார்கள். பெரியப்பா வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாம் என்கிறார். அம்மா பேசவே இல்லை. என்ன செய்வது?

---

பழைய டூட்டி டாக்டர் எழுதியது:

மலையடிவாரம், நோயாளியைப் பார்க்காமல் நான் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் இதைச் சொல்வது என் கடமை. கட்டுவிரியன் விஷத்தில் கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் இருப்பது வழக்கமாக வருவதுதான். கண்மணியைச் சுருக்கும் தசையும் செயலிழந்து போகிறது. அதை வைத்து மூளை போய்விட்டது என்று சொல்லக்கூடாது. தசை செயலிழக்க வைக்கும் விஷம் உடம்பில் இருக்கும்போது மூளைச்சாவுக்கான பரிசோதனையைச் செய்வதே முறையில்லை. இமை திறக்காதவர், கண்மணி அசையாதவர், ஒரு சுண்டுவிரல்கூட அசைக்காதவர் எழுந்து நடந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

இப்போதே போய் நேரடியாகக் கேளுங்கள்: "இது கட்டுவிரியன் கடியால் வந்த முடக்கமாக இருக்கலாம் இல்லையா? வழியில் மூச்சு நின்று மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் இருந்ததா?" இரண்டாவது கேள்விக்குப் பதில் முக்கியம். வழியிலேயே நெடுநேரம் மூச்சு நின்றிருந்தால் அது வேறு கதை. தேவைப்பட்டால் நரம்பியல் டாக்டர் ஒருவர் பார்க்கட்டும், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி எடுக்கலாம். செலவு தாங்காது என்றால் வென்டிலேட்டர் மாட்டியபடியே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லுங்கள். அதற்கு 108-இல் வென்டிலேட்டர் உள்ள வண்டி கேளுங்கள், அங்கே படுக்கை உறுதியான பிறகு கிளம்புங்கள். வீட்டுக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வென்டிலேட்டரைக் கழற்றினால் சில நிமிஷங்கள்தான்.

---

மருதநிலத்தாள் எழுதியது:

தம்பி, தங்கை, யாராக இருந்தாலும் கேளுங்கள். என் கண்மணியும் அப்படித்தான் இருந்தது. நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்ளே இருந்தேன். பெரியப்பாவைக் கட்டில் பக்கத்தில் வைத்து அந்தப் பேச்சைப் பேசாதீர்கள். தயவுசெய்து.

உள்ளே விடும்போது தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பாம்பு கடித்தது, மிஷின்தான் மூச்சு விடுகிறது, நரம்பு தேறினதும் கழற்றிவிடுவார்கள் என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், அவனுக்கு நேரம் காலம் குழம்பியிருக்கும். கண்ணில் ஈரத்துக்கு மருந்து போடுகிறார்களா என்று கேளுங்கள். இமை முழுசாக மூடாவிட்டால் கண் காய்ந்து எரியும், சொல்லவும் முடியாது. எனக்கு அந்த எரிச்சல்தான் பெரிய வேதனையாக இருந்தது.

---

ஐசியு சிஸ்டர் எழுதியது:

கால் கட்டைவிரலைப் பாருங்கள். எங்கள் ஐசியுவில் கண்ணுக்கும் தொண்டைக்கும் உயிர் வருவதற்கு முன்னால், பலருக்குக் கால் விரலிலோ கை விரலிலோ ஒரு சின்ன அசைவு தெரிந்திருக்கிறது. போர்வையை விலக்கி, "கட்டைவிரலை அசைடா" என்று சொல்லிவிட்டுப் பொறுமையாகப் பாருங்கள். உடனே வராது. அசைந்தால் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிறகு ஒரு அசைவு ஆமாம், இரண்டு அசைவு இல்லை என்று பேசிக்கொள்ளலாம். வலிக்குதா, குளிருதா, பயமா இருக்கா என்று கேட்கலாம். நினைவோடு இருக்கிறான் என்று தெரிந்தால் தூக்கத்துக்கும் பயத்துக்கும் மருந்து கொடுப்பார்கள். நினைவில்லை என்று நினைத்து அதைக் கொடுக்காமல் விடுவதும் நடக்கிறது.

தலைமாடு 30 டிகிரி தூக்கியிருக்கிறதா, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டுகிறார்களா என்றும் பாருங்கள். இனிமேல் சண்டை விஷத்தோடு இருக்காது, நிமோனியாவோடும் புண்ணோடும்தான்.

---

மலையடிவாரம் எழுதியது:

இரண்டு நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். அன்று ராத்திரியே டாக்டரிடம் நீங்கள் எழுதியதை அப்படியே கேட்டேன். வழியில் மூச்சு நிற்கவில்லை, வந்த பிறகுதான் நின்றது, உடனே ட்யூப் போட்டார்கள் என்று பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொன்னார். காத்திருக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இன்று காலை வலது கால் கட்டைவிரல் அசைந்தது. முதலில் நான் சொன்னதை சிஸ்டர் நம்பவில்லை. அவர் சொன்னபோதும் அசைத்தான். "நான் பேசுறது கேக்குதாடா" என்றேன், ஒரு தடவை. "வலிக்குதா" என்றேன், இரண்டு தடவை. பெரியப்பா வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். இன்னும் வென்டிலேட்டரில்தான் இருக்கிறான், காய்ச்சலும் இருக்கிறது. ஆனால் இருக்கிறான்.

---

வன்னி வாசி எழுதியது:

வாசிச்சிட்டு அம்மாவுக்குச் சொன்னன். தம்பிக்காகக் கோயிலுக்குப் போறாவாம்.

---

இரவுப்பணி எழுதியது:

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு நடந்து நாளாகிவிட்டது. உடம்பு தேறிவிட்டது, ஆனால் தூக்கத்தில் மூச்சு நிற்கிற மாதிரி பதறி எழுந்துகொள்கிறேன். லிஃப்டில் கதவு மூடினால் வியர்க்கிறது. வீட்டில், "பிழைச்சு வந்தாச்சே, இன்னும் என்ன" என்கிறார்கள். இது எனக்கு மட்டும்தானா?

---

மருதநிலத்தாள் எழுதியது:

உங்களுக்கு மட்டும் இல்லை. வென்டிலேட்டர் பீப் சத்தம் மாதிரி எது கேட்டாலும் எனக்கு வயிறு கலங்கும், மைக்ரோ அவன் சத்தம்கூட. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போய்ப் பேச ஆரம்பித்த பிறகு எனக்குத் தூக்கம் வந்தது. ஐசியுவிலிருந்து வருகிறவர்களுக்கு இது அடிக்கடி வருவதுதான் என்று அங்கே சொன்னார்கள். பைத்தியம் என்று யாராவது சொல்வார்களோ என்று நினைக்காமல் போங்கள்.

---

பழைய டூட்டி டாக்டர் எழுதியது:

இடையில் இதையும் எழுதிவிடுகிறேன். நமக்கு ஏறும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பது சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கிலிருந்தும் விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த இழையில் பிழைத்ததாக எழுதிய ஒவ்வொருவரின் சொட்டு பாட்டிலிலும் அப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிக்கும் அது பொருந்தும். எங்கே எவ்வளவு மருந்து வேண்டும், எந்தத் தாலுகாவில் வென்டிலேட்டர் வேண்டும் என்று திட்டமிட அந்தக் கணக்கு அவசியம்.

மழைக்காலத்தில் கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். நேபாளத்தில் நடந்த ஆய்வில் வலைக்குள் படுத்தவர்களுக்குக் கடி குறைவாக இருந்தது. வலை வாங்குகிற காசு பெரிதில்லை.

---

மலையடிவாரம் எழுதியது:

நேற்று மிஷினைக் கழற்றி, ட்யூபில் வெறும் ஆக்சிஜன் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். தானாக மூச்சு விட்டான். இன்று ட்யூபை எடுத்துவிட்டார்கள். குரல் கரகரவென்று காற்றாக வருகிறது. "தண்ணி" என்று கேட்டான், சிஸ்டர் கொடுக்கக்கூடாது என்கிறார். அம்மா இளநீர் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். எப்போது கொடுக்கலாம்?

---

ஐசியு சிஸ்டர் எழுதியது:

ரொம்ப சந்தோஷம்! அம்மாவிடம் சொல்லுங்கள், இன்னைக்கு வேண்டாம். தொண்டைத் தசை தேற நேரமாகும். ட்யூப் இருந்த இடமும் வீங்கியிருக்கும். இப்போது குடித்தால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். முதலில் உட்கார வைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, இருமல் வருகிறதா, குரல் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். பல இடங்களில் தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சியை, குழைத்த இட்லியை முதலில் கொடுப்பார்கள். தண்ணீரும் இளநீரும் ஓடிவிடும், அதனால் அவை பிறகு. அதுவரை பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிடச் சொல்லுங்கள்.

குரல் ஒரு வாரத்தில் தெளியும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேலும் கரகரப்பு இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் வந்தாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். விசில் சத்தம் வந்தால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே.